வால்வு ஆம்ப்ளிஃபையருடன் டிலே பெடலும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும்

கேள்வி – கும்பகோணம்
எங்கள் தேவாலய இசைக்குழுவுக்காகக் கையால் கட்டப்பட்ட 18 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப் வாங்கியிருக்கிறோம். அதில் எஃபெக்ட் லூப் (ஆம்பின் முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் இடையே பெடலை இணைக்கும் வழி) இல்லை. ஒலியை உயர்த்தி ஆம்ப் கரகரக்கத் தொடங்கியதும் டிலே பெடலின் எதிரொலிகள் குழம்பிவிடுகின்றன. மேலும், 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை ஒருசேர இணைக்கலாமா?

மறுமொழி – தஞ்சாவூர்
டிலே ஆம்புக்கு முன்னால் இருப்பதால், அதன் எதிரொலிகளும் மூல ஒலியுடன் சேர்ந்தே சிதைகின்றன. எனவே ஆம்பைத் தெளிவான ஒலியில் வைத்து, கரகரப்பை ஓவர்டிரைவ் பெடலிலிருந்து பெற்று, அதற்கு அடுத்ததாக டிலேயை வையுங்கள். லூப் சேர்ப்பதற்காக இவ்வளவு அக்கறையுடன் அமைத்த சுற்றைக் கலைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி – திருவாரூர்
இரண்டு பெட்டிகளையும் இணையாக (பேரலல்) இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். ஆம்பில் 4 ஓம் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்காதீர்கள், ஏனெனில் வால்வுகளிலிருந்து ஸ்பீக்கருக்கு மின்சக்தியைக் கடத்தும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே பழுதாகக்கூடும். பெட்டிக்குக் கிட்டார் கேபிள் கூடாது. தடித்த ஸ்பீக்கர் ஒயரே வேண்டும்.

மறுமொழி – நாகப்பட்டினம்
வேளாங்கண்ணி போன்ற கடலோர ஊர்களில் வாசிப்பதாக இருந்தால், உப்புக்காற்று ஜாக்குகளையும் வால்வு முனைகளையும் அரிக்கும் என்பதால், ஆம்பை அணைத்து, ஆறிய பின் வால்வுகளைக் கழற்றி முனைகளைத் துடையுங்கள்.