அம்மோனியா தரம்பார்த்தல்: பினாப்தலீன் நிறம் முன்னாடியே மங்கிடுது, வேற எந்த நிறங்காட்டி சரி?

கேள்வி:
வணக்கம். அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு அம்மோனியாவோட செறிவைக் கண்டுபிடிக்கிறேன் (தரம்பார்த்தல்), முடிவை நிறத்தால காட்டுற நிறங்காட்டியா பினாப்தலீன் போட்டிருக்கேன். கூம்புக்குடுவையில 20 மி.லி. அம்மோனியா கரைசல், பியூரெட்டுல ஹைட்ரோகுளோரிக் அமிலம். ரெண்டும் ஏறக்குறைய 0.1 மோலார், அதனால 20 மி.லி. பக்கத்துல முடியணும். ஆனா 3, 4 மி.லி. விட்டதுமே இளஞ்சிவப்பு வெளுக்க ஆரம்பிச்சு, 16க்கும் 18க்கும் நடுவுல எங்கயோ நிறமே இல்லாம போயிடுது. எந்தச் சொட்டுல முடிஞ்சதுன்னு சொல்ல முடியல. ஒரு அளவும் இன்னொண்ணோட ஒத்துவரல. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இதே பினாப்தலீன் பளிச்சுனு மாறுது.

பதில் 1:
அம்மோனியா ஆவியாகிப் போகுதோ? பாட்டிலை மூடி வெச்சு, பிப்பெட்ல எடுத்ததும் உடனே தரம்பாருங்க.

பதில் 2:
ஆவியானா அளவு குறையும், நிறம் இப்படி இழுக்காது. இங்க கோளாறு நிறங்காட்டியிலதான்.

பினாப்தலீன் பிஎச் (அமில-கார அளவு, 7க்குக் கீழ அமிலம், மேல காரம்) 10ல இருந்து 8.2க்குள்ள நிறம் இழக்கும். அமிலம் சேரச் சேர உங்க குடுவையில அம்மோனியாவும் அம்மோனியம் குளோரைடும் கலந்து தாங்கல் கரைசலாயிடுது. அது பிஎச்சைச் சட்டுனு இறங்க விடாது. கணக்குப் போட்டுப் பாருங்க: பிஎச் 10க்கு வர்றது சுமார் 3 மி.லி.யில, 8.3க்கு வர்றது சுமார் 18 மி.லி.யில. நீங்க பார்த்த மங்கல் அப்படியே இதுதான்.

சமானப் புள்ளியில, அதாவது அமிலமும் காரமும் சரிக்குச் சரியா தீர்ந்த இடத்துல, குடுவையில இருக்கிறது அம்மோனியம் குளோரைடு மட்டும். அது லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் சுமார் 5.3. 19.9 மி.லி.யில 7 கிட்ட இருக்கிற பிஎச் 20.1ல 3.6க்கு விழுந்துடும். நாலே சொட்டு! அந்தச் சரிவுக்குள்ள நிறம் மாறுறதைத் தேடுங்க. மெத்தில் சிவப்பு (4.2–6.3) கச்சிதமா உட்காரும், மஞ்சள்ல இருந்து சிவப்பு.

சோடியம் ஹைட்ராக்சைடுல சரிவு 10ல இருந்து 4 வரைக்கும் நீளும். அதனாலதான் அங்க எதைப் போட்டாலும் ஒப்பேறுது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி! மெத்தில் சிவப்பு கைவசம் இல்ல, மெத்தில் ஆரஞ்சு இருக்கு. போடலாமா? அப்புறம் அசிட்டிக் அமிலத்துக்கும் அதுவே போதுமா?

பதில் 2:
அம்மோனியாவுக்குத் தாராளமா போடலாம். 3.1–4.4ல மாறும், சரிவோட அடிப்பக்கம். ஆரஞ்சு தலைகாட்டின உடனே நிறுத்துங்க, முழுச் சிவப்பு வரைக்கும் போகாதீங்க. குடுவைக்கு அடியில வெள்ளைத் தாள், பக்கத்துல ஒப்பிட இன்னொரு குடுவை வெச்சா கண்ணு ஏமாறாது. ரெண்டு சொட்டுக்கு மேல வேணாம். நிறங்காட்டிக்கும் அமிலம் செலவாகும்.

அசிட்டிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால தரம்பார்க்க மட்டும் அதைத் தொடாதீங்க. அங்க சமானப் புள்ளி 8.7 பக்கம். மெத்தில் ஆரஞ்சு மூணுல ஒரு பங்கு காரம் போறதுக்குள்ளேயே முழு மஞ்சளாயிடும். அங்கதான் உங்க பினாப்தலீன் வேணும்.

பதில் 3:
அசிட்டிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் நேரா மோதவிட்டா எந்த நிறங்காட்டியும் உதவாது, சரிவே இருக்காது. அதுக்குக் கரைசலோட மின்கடத்துத்திறன் அளந்து வரைபடம் போடணும்.