ஃபோர்க் ஆயில் சீல் வீட்டுலயே மாத்த முடியுமா?

வேளச்சேரி வண்டி:
என் 150 சிசி வண்டில ரைட் சைடு ஃபோர்க்ல (முன்சக்கரத்த தாங்கற சஸ்பென்ஷன் குழாய்) ஆயில் கசியுது ப்ரோ, முன்பிரேக் புடிச்சு அமுக்கினா பைப்புல வளையமா நிக்குது, கீழ பிரேக் காலிப்பர் வரைக்கும் வழிஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடிதான் ஒரு மெக்கானிக் சீல் (ஆயில் வெளிய வராம அடைக்கற ரப்பர் வளையம்) மாத்திக் குடுத்தாரு, அதுக்குள்ள மறுபடி. இந்த வாட்டி நானே பார்க்கிங்ல வச்சு பண்ணலாம்னு இருக்கேன். ஸ்பானர் செட், ஆலன் கீ இருக்கு, சீல் அடிக்கற டூல்தான் இல்ல.

ராயபுரம்காரன்:
டிஸ்க்ல ஆயில் பட்டிருந்தா மொதல்ல வண்டிய எடுக்காதீங்க, பிரேக் பேடு ஆயில் குடிச்சிருந்தா அதையும் மாத்தணும்.

சீல் வாங்கறதுக்கு முன்னாடி டஸ்ட் கவர தூக்கிட்டு, பைப்ப தொடச்சிட்டு, சீல் ஏறி எறங்கற எடத்துல நகத்தால தடவிப் பாருங்க. சீக்கிரமே திரும்ப ஒழுகுதுன்னா எனக்கு பைப்பு மேலதான் டவுட்டு. எங்க பக்கம் உப்புக் காத்து, துரு புள்ளி வராத பைப்பே கெடையாது, அது சீலோட உதட்ட கிழிச்சிட்டே இருக்கும். சின்ன மேடுன்னா 1500 நம்பர் வாட்டர் பேப்பர்ல (நைஸ் உப்புத்தாள்) ஆயில் தொட்டு லேசா தேய்க்கலாம், பள்ளம்னா பைப்பு மாத்தணும், இல்லன்னா ஹார்டு குரோம் முலாம் போடணும். பைப்பு சுத்தமா இருந்தா, பழைய எக்ஸ்ரே ஃபிலிம கொக்கி மாதிரி வெட்டி சீலுக்குள்ள விட்டு மண்ண எடுத்துப் பாருங்க, சில நேரம் அதுலயே நின்னுடும்.

ஸ்பானர் சித்தப்பு:
டூல்லாம் வேணாம் தம்பி. பைப்பு மேல நுழையற அளவுக்கு பிவிசி பைப்பு ஒரு துண்டு, அதுக்கு அடில பழைய சீல், அவ்ளோதான், சமமா தட்டி எறக்கலாம். புது சீல்ல எழுத்து இருக்கற பக்கம் மேல. பைப்பு நுனில பிளாஸ்டிக் கவர் சுத்தி ஆயில் தடவிட்டுதான் புது சீல மாட்டணும், இல்லன்னா போடும்போதே வெட்டிக்கும்.

உண்மையான தலைவலி கீழ இருக்கற ஆலன் போல்ட்டுதான், உள்ள இருக்கற ராடும் கூடவே சுத்தும். அதனால மேல் நட்ட முழுசா கழட்டறதுக்கு முன்னாடியே, ஸ்பிரிங் பிரஷர் இருக்கும்போதே அந்த ஆலன் போல்ட்ட லூஸ் பண்ணிடு. வரலன்னா கார் டயர் கடைல இம்பாக்ட் கன்னால ஒரு தட்டு. காப்பர் வாஷர் புதுசு போடு. பழைய சீல ஸ்குரூட்ரைவரால நெம்பும்போது அடில துணி வை, அலுமினியம் கீறுச்சுன்னா அந்த வழியா ஒழுகும்.

வேளச்சேரி வண்டி:
ராயபுரம் ப்ரோ, நகம் நல்லாவே மாட்டுது, பள்ளம்தான் போல 😑 புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல பைப்பு வாங்கலாமா? அப்புறம் லெஃப்ட் ஒழுகல, அத அப்டியே விட்டுடவா?

ராயபுரம்காரன்:
வாங்கலாம், ஆனா கண்ணாடி மேல உருட்டிப் பாத்து வாங்குங்க, வளைஞ்சிருந்தா ஆடும். புதுசுன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல கேளுங்க. சீல் ரெண்டு பக்கமும் மாத்திடுங்க, ஆயில் மேனுவல்ல போட்டிருக்கற கிரேடு, மில்லி கணக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், சிரிஞ்ச்ல அளந்து ஊத்துங்க. மீந்த இன்ஜின் ஆயில ஊத்திடாதீங்க.