கல்லூரிச் செலவு பெற்றோரின் கடமையா? உங்கள் வீட்டில் நடந்ததைப் பகிருங்கள்

கரூர்க்காரன்:
பெரியப்பா மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்தது இது. மாப்பிள்ளை தன் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பார் என்று பெண் வீட்டார் பேச்சுவாக்கில் கேட்டதுதான் தாமதம், பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்து, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கொடுத்த நன்கொடை தொடங்கி விடுதிச் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், அரியர் தேர்வுக்குக் கட்டிய பணம் வரை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வட்டியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள் அப்பா" என்றார். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை என்பது தனிக் கதை. படிக்க வைப்பதைக் கடமையாக நினைப்பவர் அதற்குக் கணக்கு எழுதுவாரா என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
கணக்கு எழுதியதில் தவறில்லை, அதைச் சபையில் வாசித்ததே தவறு. கரூர்க்காரர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் கல்வியையும் பராமரிப்பில் சேர்த்திருக்கிறது என்றாலும், மகனைப் பொறுத்தவரை அந்தப் பொறுப்பு அவனுக்கு 18 வயது நிறைவதோடு, அதாவது கல்லூரி வாசலை மிதிக்கும் நேரத்தில், முடிந்துவிடுகிறது. ஒருமுறை ஒரு தந்தை நான் வாய் திறக்கும் முன்பே வீட்டுப் பத்திரத்தை என் மேசைமேல் நீட்டினார். அவர் கேட்ட தொகையோ 4 லட்சத்துக்கும் குறைவு, அதற்கு அடமானமே தேவையில்லை. ஆகவே பெற்றோருக்குச் சொல்கிறேன்: பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் நீங்களும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும் என்பதால் பிள்ளை கட்டத் தவறினால் நோட்டீசு உங்கள் வீட்டுக்கும் வரும். படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டு வரையிலும் தவணை இல்லை என்பதற்காக வட்டி நின்றுவிடுவதில்லை. அதை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவாருங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் சேர்பவர்களுக்கே உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது.

தேனி மகள்:
ஐயா குறிப்பிட்ட அதே சட்டம், தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள இயலாத திருமணமாகாத மகளுக்கு 18 வயது என்ற வரம்பையே வைக்கவில்லை என்பதை ஏன் விட்டுவிட்டார்? கலந்தாய்வில் எனக்குச் சென்னையில் கிடைத்த இடத்தை அப்பா தூரம் என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லூரியில் சேர்த்தார். மூன்று ஆண்டுகள் கழித்துத் தம்பியைக் கோவையில் சேர்த்தபோது தூரம் எவர் கண்ணுக்கும் படவில்லை. அவனுடைய கட்டண ரசீதைத் தேடி பீரோவிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். அந்த ரசீதோடு சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தது, என் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த சங்கிலியின் அடகுச் சீட்டு. பெற்றோருக்குக் கடமை உண்டா இல்லையா என்று இங்கே வாதாடுகிறவர்கள், எந்தப் பிள்ளைக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சி அம்மா:
எங்களால் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்பதை மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும்போதே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டோம்; அதுதான் நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். இவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கியும் ஏன் இந்தக் கல்லூரி கிடைத்தது என்று கலந்தாய்வு முடிந்த அன்று கேட்டேன். "நீங்கள் சொன்ன தொகைக்கு மேல் கட்டணம் கேட்கும் எதையும் நான் விருப்பப் பட்டியலில் போடவே இல்லை அம்மா" என்றாள்.