பள்ளிக்கரணைக்கு ஒரு காலை வர முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு எங்கள் தெருவின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் சென்னை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வருகிறார்கள். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். சேற்றோரம் இரைதேடும் உள்ளான்களில்தான் திணறல். வுட் சாண்ட்பைப்பரா, கிரீன் சாண்ட்பைப்பரா? பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளிறியதா, கருமையா என்று பக்கத்தில் நின்று காட்ட அனுபவசாலி ஒருவர் வேண்டும். எனக்குக் கற்றுத்தந்த அண்ணன் ஸ்கோப்பில் (தாங்கியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) முதலில் என்னைப் பார்க்கவிட்டுத்தான் தான் பார்ப்பார் (இப்போது வெளியூரில் இருக்கிறார்). அந்தப் பொறுமை உள்ளவர் யாராவது வாருங்களேன். சும்மா இருக்கும் 8×42 பைனாகுலர் இருந்தால் இரவல் கொடுங்கள், பழையதானாலும் சரி. பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு. உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.