ஒரே புரோகிராம், விண்டோஸ்ல 2 விநாடி, லினக்ஸ்ல பூஜ்யம்: உங்களுக்கும் நடந்திருக்கா?

சி மொழியில் எழுதின சின்ன புரோகிராம். நடுவில் 2 விநாடி சும்மா தூங்கும், அப்புறம் கொஞ்சம் கணக்கு. முன்னும் பின்னும் நேரம் சொல்ற கிளாக்() ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கழிச்சா நேரம் வந்துடும்னு ஏற்பாடு. விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டினால் 2 விநாடிக்கு மேல. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் போட்டு ஓட்டினால் கிட்டத்தட்ட பூஜ்யம். டீமில் ஒருத்தர் "லினக்ஸ்னா லினக்ஸ்தான்"னு கொண்டாடவே ஆரம்பிச்சுட்டார்.

விஷயம் வேற. லினக்ஸ் கிளாக்() சொல்றது சிபியு உழைச்ச நேரம். தூங்கினது அதில் சேராது. மைக்ரோசாஃப்ட் கிளாக்() சொல்றது, புரோகிராம் தொடங்கினதிலிருந்து சுவர்க் கடிகாரம் ஓடின நேரம். சி தரநிலை கேட்கிறது சிபியு நேரத்தை. தங்களோடது அதுக்கு முழுசா ஒத்துப்போகலைன்னு மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே எழுதியிருக்கு, யார் படிக்கிறாங்க?

———

அண்ணா, திரெட் (ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே சமயத்தில் ஓடுற தனித்தனி வேலை) போட்டுப் பாருங்க, கூத்து தலைகீழாகும். 4 திரெட்டும் முழு மூச்சா ஓடி 3 விநாடியில் முடிச்ச வேலைக்கு லினக்ஸ் கிளாக்() 12ன்னு காட்டும், எல்லா திரெட்டையும் கூட்டிடும். பைத்தான் டைம்.கிளாக்()-லயும் இதே பஞ்சாயத்துதான். அதனாலதான் பைத்தான் 3.3-ல் நேரம் அளக்க பெர்ஃப்_கவுண்டர் வந்தது, 3.8-ல் பழசைத் தூக்கியே போட்டாங்க.

———

நாங்க டாஸ்பாக்ஸ்ல (பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற புரோகிராம்) டர்போ சி கம்பைலர் ஓட்டின கோஷ்டி. லேப்ல பபிள் சார்ட், குயிக் சார்ட்னு வரிசைப்படுத்துற முறை ரெண்டுக்கும் நேரம் அளக்கணும். வகுப்பு முழுக்க ரெண்டே விடை: 0.000000, இல்லேன்னா 0.054945. டாஸ் கடிகாரம் விநாடிக்கு 18.2 தடவைதான் டிக் அடிக்கும். அதுக்கு நடுவில் முடிஞ்ச வேலை எதுவானாலும் பூஜ்யம்தான். ரெக்கார்டு நோட்டுக்கு சீனியர் நோட்டிலிருந்து அழகான எண்கள் வந்து சேர்ந்தன!

ஒழுங்கா அளக்க, சார்ட்டையே லூப்பில் பல்லாயிரம் தடவை ஓட்டி வகுக்கணும். அதுவும் டாஸ்பாக்ஸ்ல நம்ப முடியாது. கண்ட்ரோல்-எஃப்12 தட்டினா சைக்கிள்ஸ் (அந்தப் போலி மெஷினோட வேகம்) ஏறும், அதே குயிக் சார்ட் பறக்கும். மெஷின் வேகத்தையே கீபோர்டுல மாத்தலாம்னா எதை அளந்தோம்?

———

இப்போ நான் லினக்ஸ்ல கிளாக்_கெட்டைம் மோனோடானிக் (பின்னாடி போகாத கடிகாரம்), விண்டோஸ்ல குவெரிபெர்ஃபார்மன்ஸ்கவுண்டர். சிஸ்டம் தேதி-நேரத்தைக் கழிச்சு அளக்கவே மாட்டேன். நடுவில் என்டிபி (நெட் வழியா நேரத்தைச் சரிபண்றது) கடிகாரத்தைப் பின்னாடி தள்ளினா மைனஸ்லகூட விடை வரலாம்.