ஏற்காடு ஏற்றத்தில் கருகல் நாற்றம்: ஏ.எம்.டி. காரின் கிளட்ச் போய்விட்டதா?

ஓமலூரான்:
என் ஏ.எம்.டி. கார் (கிளட்ச்சையும் கியரையும் கருவியே இயக்கும் வகை) 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன ஞாயிறு ஐந்து பேராக ஏற்காடு போனோம். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அரை மணி நேரம் ஊர்ந்தேன். பின்னால் உருளக் கூடாதென்று பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தேன். கருகல் நாற்றம் வந்தது. இப்போது சமதளத்தில் புறப்படும்போதும் உதறுகிறது. சர்வீஸ் சென்டரில் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். கிளட்ச் மிதியே இல்லாத வண்டியில் கிளட்ச் எப்படித் தேயும்?

கொங்கு டிரைவர்:
கியர் ஆயிலை மாற்றிப் பாருங்கள். என் மாமா வண்டிக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

பழைய பட்டறை:
மாமாவுடையது டார்க் கன்வெர்ட்டர் என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டியாக இருக்கும். அதில் ஆயில் வழியாகத்தான் இழுவையே போகிறது. ஆயில் கெட்டால் கியர் மாறுவதும் கெடும். ஏ.எம்.டி.யில் இருப்பது சாதாரண கியர் வண்டியின் அதே உலர் கிளட்ச் பிளேட். உங்கள் இடது கால் செய்கிற வேலையை ஒரு கருவி செய்கிறது, அவ்வளவுதான். கியர் ஆயில் அந்த பிளேட்டைத் தொடுவதே இல்லை.

ஓமலூரான் தம்பி, நீங்கள் அரை மணி நேரம் அரை கிளட்ச்சில், அதாவது பிளேட் பாதி பிடித்து வழுக்கும் நிலையில் நின்றிருக்கிறீர்கள். பிரேக்கை மிதித்து நின்றிருந்தால் கிளட்ச் முழுதாக விலகியிருக்கும், தேய்மானம் இல்லை. முன்வண்டி இரண்டு கார் நீளம் போகட்டும். பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள்.

மலையில், கியர் தானாக மாறும் ‘டி’யில் விடாதீர்கள். வளைவுக்கு முன் காலை எடுத்ததும் மூன்றாம் கியருக்குப் போகும், ஏற்றம் வந்ததும் இரண்டுக்கு இறங்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்ச் விலகிச் சேர வேண்டும். கியரை நாமே மாற்றும் ‘எம்’மில் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், செங்குத்தான வளைவில் ஒன்று. இறங்கும்போதும் அதே கியர்தான், பிரேக் அதிகம் சூடாகாது.

செட்டை மாற்றுமுன், காலியான சாலையில் ‘எம்’ நான்காம் கியரில் சீராக மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்.பி.எம். முள் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது.

ஓமலூரான்:
பார்த்தேன் அண்ணா, முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றன. வேறொரு பட்டறையில் கம்ப்யூட்டரை இணைத்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தை மறுபடி பதியவைத்தார்கள். உதறல் பெரும்பாலும் போய்விட்டது. காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய பட்டறை:
அப்படியே ஓட்டுங்கள். ரிவர்ஸ் உதறல் கூடினால் மட்டும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றினால், பிளேட் அழுந்திப் பிடிக்கும் ஃபிளைவீல் சக்கரத்தையும் நீங்களே நின்று பாருங்கள். நீலத் திட்டுகள் இருந்தால் புது பிளேட் போட்டாலும் உதறும்.