பால் கறக்காத மாடும் எலுமிச்சை ஊறுகாயும்: மூவரின் ஸ்டேட் ஃபேர் அனுபவங்கள்

அமெரிக்காவில் அயோவா மாநிலத் தலைநகர் டெ மாயினுக்கு வந்து மூன்று வருடம் வரை, இங்கே நடக்கும் ஸ்டேட் ஃபேர் என்ற மாநிலப் பொருட்காட்சி பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராட்டினமும் எண்ணெயில் பொரித்த தின்பண்டமும்தானே என்று ஒரு இளக்காரம். 1854இல் தொடங்கியது, ஆகஸ்டில் 11 நாள், பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள் என்று ஆபீஸில் சொல்லிச் சொல்லி, போன வருடம் பிள்ளைகளோடு போனேன். எல்லோரும் முதலில் ஓடுவது வெண்ணெய்ப் பசுவைப் பார்க்க. மரச்சட்டம், கம்பிவலை மேல் 600 பவுண்டு வெண்ணெய் பூசிச் செய்த பசு, 1911 முதல் இந்தப் பழக்கம். அதே வெண்ணெயைப் பத்து வருடம்கூடத் திரும்பத் திரும்ப எடுத்துச் செய்வார்களாம், அதனால் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது மாட்டுக் கொட்டகைதான். காலையிலேயே போய்விடுங்கள். பதிமூன்று வயதுப் பையன் ஒருவன், குளிப்பாட்டிய மாட்டை ப்ளோயர் வைத்துக் காயவைத்து, கால் முடியைச் சீப்பால் மேல்நோக்கி வாரிக்கொண்டிருந்தான். பேச்சுக் கொடுக்கலாமே என்று, "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இது ஆண்" என்றான். நானும் மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவன்தான்! கன்றாக வாங்கி, பள்ளிக்கு முன்னும் பின்னும் தீவனம் வைத்து வளர்த்திருக்கிறான். போட்டி வளையத்துக்குள் நடுவர் மாடுகளைப் பார்த்துச் சுற்றிவரும்போது, முனையில் கொக்கி வைத்த நீளக் குச்சியால் அதன் வயிற்றை மெதுவாகச் சொறிந்துகொண்டே நின்றான். மாடு மிரளாமல் இருக்கவாம். ஷோ முடிந்தால் கறிக்குத்தான் போகும். "தெரிஞ்சுதான் வளர்த்தேன்" என்றான், ஆனால் கை சொறிவதை நிறுத்தவில்லை.

* * *

நாங்கள் இருப்பது பக்கத்து மாநிலம் மினசோட்டா. இங்கே ஸ்டேட் ஃபேரில் வெண்ணெயில் செய்வது பசு இல்லை, பெண்களின் தலை! பால்பண்ணைக் குடும்பத்துப் பெண்கள் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை, சுழலும் கண்ணாடிக் குளிர் அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் 90 பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் முகம் செதுக்குவார்கள். வெளியே நாம் வியர்த்து வழிய, உள்ளே அந்தப் பெண் கோட்டும் கையுறையுமாக மணிக்கணக்கில் சிரித்துக்கொண்டிருப்பாள். தலையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். என்னோடு வேலை பார்க்கிறவரின் அக்கா தலை பல வருடம் அவர்கள் ஃப்ரீசரில் இருந்ததாம், ஐஸ்கிரீம் எடுக்கப் போனால் அக்கா முறைப்பாளாம்.

* * *

பெரிய ஃபேரை விடுங்கள், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் நடக்கும் சின்ன ஃபேரில் நீங்களே போட்டியில் கலந்துகொள்ளலாம். நான் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோனேன். விதிமுறையைப் படிக்கவில்லை, தப்பு என்னுடையதுதான். சோதித்து அங்கீகரித்த செய்முறை, ஜாடியைக் கொதிநீரில் எத்தனை நிமிடம் வைத்தோம் என்ற குறிப்பு, எல்லாம் கேட்கிறார்கள். நான் வெயிலில் வைத்தேன் என்றதும் நடுவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தகுதி நீக்கம். அப்புறம் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, எத்தனை நாள் வெயில், உப்பு எவ்வளவு என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.